மாஹிம் முதல் பாந்த்ரா வரை: புதிய துப்பாக்கிச் சட்டம் வேண்டுமா, இருக்கும் சட்டமே போதுமா?

2022 செப்டம்பர் 10. விநாயகர் சிலைகளைக் கடலில் கரைத்து முடித்த மறுநாள் இரவு. மும்பை மாஹிம் சட்டமன்றத் தொகுதிக்குள் வரும் பிரபாதேவியில் சிவசேனாவின் இரண்டு அணிகள் மோதிக்கொண்டன. கட்சி உடைந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. ஒரு பக்கம் ஏக்நாத் ஷிண்டே அணியின் மாஹிம் எம்.எல்.ஏ. சதா சர்வண்கர். எதிர்ப்பக்கம் உத்தவ் தாக்கரே அணியின் மகேஷ் சாவந்த்தும் ஆதரவாளர்களும். கைகலப்புக்கு நடுவே எம்.எல்.ஏ. துப்பாக்கியால் சுட்டார் என்று உத்தவ் அணி புகார் கொடுத்தது. சர்வண்கர் மறுத்தார். தாதர் போலீஸ் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்து, அவருடைய லைசென்ஸ் துப்பாக்கியைக் கைப்பற்றி சோதனைக்கு அனுப்பியது.

சோதனை அறிக்கை வந்தது. சம்பவ இடத்தில் கிடைத்த தோட்டா அந்தத் துப்பாக்கியிலிருந்து வெளியானதுதான் என்றது. ஆனால் சுட்டது சர்வண்கர்தான் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் நிலை. யாருக்கும் குண்டு படவில்லை. 2024 சட்டமன்றத் தேர்தலில் அதே இருவரும் மாஹிமில் மோதினார்கள். 1,316 வாக்கு வித்தியாசத்தில் சாவந்த் ஜெயித்தார். ஊர் அந்த இரவை மறந்துவிட்டது.

ஆனால் அந்த இரவு எழுப்பிய கேள்வி மறக்கக்கூடியதல்ல. அரசு ஒருவருடைய பெயருக்கு லைசென்ஸ் கொடுக்கிறது. சத்தம் வந்தபோது அந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இது சட்டத்தின் ஓட்டையா, சட்டத்தை அமல்படுத்துவதில் உள்ள ஓட்டையா?

மும்பையில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இந்த விவாதம் கிளம்புகிறது. "லைசென்ஸே கொடுக்காதீங்க, சட்டத்தைக் கடுமையாக்குங்க" என்று ஒரு தரப்பு. "இருக்கிற சட்டத்தை ஒழுங்கா அமல்படுத்தினாலே போதும்" என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே சரியாகத்தான் படும். எது எங்கே பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்போம்.

நான்கு சம்பவங்கள், மூன்று வகைத் துப்பாக்கிகள்

பிரபாதேவி சம்பவத்தோடு, 2024-இல் மும்பையையும் சுற்றுப்புறத்தையும் உலுக்கிய மூன்று சம்பவங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

பிப்ரவரி 2, உல்லாஸ்நகர்: ஹில் லைன் காவல் நிலையத்தில், மூத்த இன்ஸ்பெக்டரின் அறைக்குள்ளேயே, கல்யாண் கிழக்கு பாஜக எம்.எல்.ஏ. கணபத் கெய்க்வாட், ஷிண்டே அணியின் மகேஷ் கெய்க்வாடைச் சுட்டார். நிலத் தகராறு. துப்பாக்கி லைசென்ஸ் பெற்றது. தன் மகனைத் தாக்கியதால் சுட்டதாக எம்.எல்.ஏ.வே டி.வி. சேனலிடம் சொன்னார். மகேஷ் கெய்க்வாடும் உடனிருந்த ஒருவரும் காயத்தோடு உயிர் தப்பினார்கள்.

பிப்ரவரி 8, தஹிசர்: உத்தவ் அணியின் முன்னாள் கவுன்சிலர் அபிஷேக் கோசால்கர் ஃபேஸ்புக் நேரலையில் பேசி முடித்த கையோடு சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர், கூடவே உட்கார்ந்து பேசிய மௌரிஸ் நொரோனா. பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். துப்பாக்கி அவருடையது அல்ல. அவரிடம் வேலை பார்த்த பாதுகாவலர் உத்தரப் பிரதேசத்தில் வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி. பாதுகாவலர் ஆயுதச் சட்டத்தில் கைதானார். அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐ-க்கு மாற்றியது.

அக்டோபர் 12, பாந்த்ரா கிழக்கு: முன்னாள் அமைச்சர் பாபா சித்திக், நிர்மல் நகரில் மகனுடைய அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் வெளிமாநில இளைஞர்கள். கைப்பற்றிய துப்பாக்கி எதற்கும் லைசென்ஸ் கிடையாது. அதே ஆண்டு ஏப்ரலில் நடிகர் சல்மான் கான் வீட்டின் மீது சுட்ட வழக்கிலும் துப்பாக்கிகள் கள்ளத்தனமானவை. அவற்றை சூரத் அருகே தாப்தி ஆற்றுக்குள்ளிருந்து போலீஸ் எடுத்தது.

ஆக மூன்று வகை. ஒன்று, லைசென்ஸ்காரரே தவறாகச் சுடுவது: உல்லாஸ்நகர். இரண்டு, லைசென்ஸ் துப்பாக்கி வேறொருவர் கைக்குப் போவது: தஹிசர், அரசுத் தரப்பு சொல்வதை ஏற்றால் பிரபாதேவியும் இதில்தான் வரும். மூன்று, லைசென்ஸே இல்லாத கள்ளத் துப்பாக்கி: பாந்த்ரா. "துப்பாக்கிக் கட்டுப்பாடு" என்று மொத்தமாகப் பேசும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. கமிஷனர் உள்ள மாநகரங்களில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. மும்பைக்கும் சென்னைக்கும் அப்படித்தான். மற்ற மாவட்டங்களில் கலெக்டருக்கு.

பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், மனநலம் சரியில்லாதவர் போன்றோருக்குக் கிடையாது. ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும்: தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு. போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுக்கும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ஒவ்வொரு லைசென்ஸ்காரருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் ஒரு தனி எண் உண்டு. ஏ.கே. ரக ஆயுதங்கள் போன்ற 'தடை செய்யப்பட்ட' ஆயுதங்கள் சாதாரணக் குடிமக்களுக்கு எட்டாதவை.

கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பொது அமைதிக்கு ஆபத்து என்று தோன்றினால் மறுக்கலாம். கொடுத்த லைசென்ஸை 17-ஆம் பிரிவின் கீழ் நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். காகிதத்தில் பார்த்தால் உலகின் கடுமையான சட்டங்களில் இதுவும் ஒன்று.

2019-இல் என்ன மாறியது?

நாடாளுமன்றம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. 2019 டிசம்பர் 14 முதல் அது அமலில் இருக்கிறது. முக்கிய மாற்றங்கள்:

• ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மசோதா முதலில் சொன்னது ஒன்று. எம்.பி.க்கள் எதிர்ப்பால் இரண்டானது. கூடுதல் துப்பாக்கியை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது.

• லைசென்ஸ் செல்லுபடியாகும் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகக் கூடியது.

• லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் தண்டனை: முன்பு 1 முதல் 3 ஆண்டு, இப்போது 2 முதல் 5 ஆண்டு.

• தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால்: முன்பு 5 முதல் 10 ஆண்டு, இப்போது 7 முதல் 14 ஆண்டு.

• லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், விற்றால்: முன்பு 3 முதல் 7 ஆண்டு, இப்போது 7 ஆண்டு முதல் ஆயுள்.

• கல்யாணம், ஊர்வலம் போன்றவற்றில் கொண்டாட்டத்துக்காகவோ அலட்சியமாகவோ சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கவனித்தீர்களா? கள்ளத் துப்பாக்கிக்கான தண்டனை எல்லா இடத்திலும் கூடியது. லைசென்ஸ் துப்பாக்கி விஷயத்தில் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் புதுப்பிக்க வர வேண்டிய இடைவெளி நீண்டது. அதாவது ஒரு லைசென்ஸ்காரரின் நடத்தையைத் திரும்பிப் பார்க்கும் வழக்கமான வாய்ப்பு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்பதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆனது. உல்லாஸ்நகர், தஹிசர், பாந்த்ரா மூன்றுமே இந்தத் திருத்தத்துக்குப் பிறகு நடந்தவை.

எண்கள் என்ன சொல்கின்றன?

2016 டிசம்பர் கணக்குப்படி நாட்டில் சுமார் 33.7 லட்சம் லைசென்ஸ்கள். இதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். மகாராஷ்டிராவில் சுமார் 84 ஆயிரம், தமிழ்நாட்டில் சுமார் 22,500.

2011 மக்கள்தொகைக் கணக்கோடு வகுத்துப் பார்த்தால், லட்சம் பேருக்கு உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 640 லைசென்ஸ், மகாராஷ்டிராவில் 75, தமிழ்நாட்டில் 31. ஒரே நாடு, ஒரே சட்டம். ஆனாலும் உத்தரப் பிரதேச விகிதம் தமிழ்நாட்டைப் போல் 20 மடங்கு. சட்டத்தில் உள்ள வார்த்தைகள் எங்கும் ஒன்றுதான். கையெழுத்துப் போடும் அதிகாரி எவ்வளவு எளிதாகப் போடுகிறார் என்பதும், அந்த ஊரில் துப்பாக்கி எவ்வளவு கௌரவப் பொருளாக இருக்கிறது என்பதும்தான் வேறுபடுகின்றன.

அடுத்தது கள்ளத் துப்பாக்கி. ஜெனீவாவைச் சேர்ந்த 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' 2017-க்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் பொதுமக்கள் கையில் 7.11 கோடி துப்பாக்கிகள். பதிவானவை 97 லட்சம், பதிவில்லாதவை 6.14 கோடி, அதாவது 86 சதவீதம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 33.7 லட்சம் லைசென்ஸ்தான் இருக்கிறது என்றால், ஆளுக்கு சராசரியாக மூன்று துப்பாக்கி வைத்திருந்தால்தான் 97 லட்சம் என்ற கணக்கு பொருந்தும். அது நம்பக்கூடியதாக இல்லை. ஆகவே இது துல்லியக் கணக்கு இல்லை, அளவின் ஒரு உத்தேசம். ஆனால் திசை தெளிவு: லைசென்ஸ் உள்ளதைவிட இல்லாததுதான் பல மடங்கு அதிகம். துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பகுதி லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் நடப்பவை என்பதைத்தான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவும் ஆண்டுதோறும் காட்டுகிறது.

"இருக்கிற சட்டமே போதும்": இந்த வாதத்தின் பலம்

இந்தத் தரப்புக்கு மாஹிமிலேயே பழைய ஆதாரம் இருக்கிறது. 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பில் மாஹிம் மீனவர் குடியிருப்பின் மீது கையெறி குண்டுகள் வீசப்பட்டன. சதியின் முக்கியப் புள்ளியான டைகர் மேமன் குடும்பம் வசித்ததும் மாஹிமின் அல் ஹுசைனி கட்டடத்தில்தான். அந்த வழக்கில் ஆயுதச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவர்களில் நடிகர் சஞ்சய் தத்தும் ஒருவர். அவரிடம் ஏற்கெனவே மூன்று லைசென்ஸ் துப்பாக்கிகள் இருந்தன. அன்றைய சட்டத்தில் அதுதான் உச்சவரம்பு. அதற்கு மேல் அவர் வாங்கி வைத்தது ஏ.கே. 56. தடா நீதிமன்றம் கொடுத்த 6 ஆண்டுத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில் 5 ஆண்டாகக் குறைத்தது. அதற்குக் கீழே போக முடியவில்லை, காரணம் சட்டம் சொன்ன குறைந்தபட்சமே அதுதான். புகழ், பணம், அரசியல் செல்வாக்கு எல்லாம் இருந்தும் பழைய சட்டமே வேலை செய்தது. என்ன, 20 ஆண்டு ஆனது.

அண்மைய உதாரணம் பீட் மாவட்டம். 2024 டிசம்பரில் மஸ்ஸாஜோக் கிராமத் தலைவர் சந்தோஷ் தேஷ்முக் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை துப்பாக்கியால் நடந்ததல்ல. ஆனால் அதற்குப் பிறகு மாவட்டத்தில் யார் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பார்த்தபோது 1,200-க்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் இருப்பது பெரிய பிரச்சினையானது. சமூக ஆர்வலர் அஞ்சலி தமானியா பக்கத்து மாவட்ட எண்களோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்டார். குற்ற வழக்குள்ளவர்களிடமும் லைசென்ஸ் இருந்தது தெரியவந்தது. நிர்வாகம் மறுபரிசீலனை செய்து நூற்றுக்கும் மேற்பட்ட லைசென்ஸ்களை ரத்து செய்தது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வரவில்லை. 1959-லிருந்து இருக்கும் அதே அதிகாரம்தான். முன்பே பயன்படுத்தியிருக்கலாம்.

ஜம்மு காஷ்மீர் இன்னும் பெரிய கதை. 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் பணம் வாங்கிக்கொண்டு முறைகேடாகக் கொடுக்கப்பட்டதாக சிபிஐ விசாரிக்கிறது. சந்தேகத்தைக் கிளப்பியது ராஜஸ்தான் போலீஸ். அங்கே ஓட்டை சட்டப் புத்தகத்தில் இல்லை, அலுவலக மேஜையில்.

கள்ளத் துப்பாக்கிக்கும் இந்த வாதம்தான் அதிகம் பொருந்தும். மும்பைக்கு வரும் 'கட்டா'வின் பாதை போலீஸுக்குத் தெரியாததல்ல. பீகாரின் முங்கேர், மத்தியப் பிரதேசத்தின் பர்வானி, கர்கோன், தார் பகுதிகள், குறிப்பாக மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய உமர்தி, கைத்துப்பாக்கித் தயாரிப்புக்கு நெடுங்காலமாகப் பெயர் போனவை. தயாரித்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதற்கு மேல் என்ன கடுமை சேர்க்க முடியும்? இரண்டு மாநில போலீஸும் சேர்ந்து பட்டறை வரை போக வேண்டும். செய்பவருக்கு வேறு பிழைப்பும் வேண்டும்.

பிடிபட்ட பிறகும் வழக்கு நிற்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, 39-ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். மும்பையில் அந்த அதிகாரம் கமிஷனருக்கு. அனுமதிக் கடிதத்தில் குறை, துப்பாக்கி சுடும் நிலையில் இருந்தது என்ற அறிக்கையில் குறை, பஞ்சநாமா சாட்சி பல்டி, இவற்றில் ஒன்று போதும் வழக்கு விழ. ஆயுள் தண்டனை என்று எழுதி வைத்தாலும், தண்டனை வரை போகாத வழக்கில் அது வெறும் எழுத்துதான்.

2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கள்ளத் துப்பாக்கிப் பெருக்கத்தைத் தானாக முன்வந்து கையில் எடுத்தது. 2024 நவம்பரில், ஒவ்வொரு மாநிலமும் தலைமைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்துச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவின் சாரமும் அமலாக்கம்தான்.

"சட்டம் கடுமையாக வேண்டும்": இந்த வாதத்தின் பலம்

சரி, அப்போ அமலாக்கம் மட்டும் போதுமா? தஹிசரை எடுத்துப் பாருங்கள்.

லைசென்ஸ் ஒருவர் பெயரில். துப்பாக்கி இன்னொருவர் கையில். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் என்ன தண்டனை? ஆயுதச் சட்டம் 30-ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே கொலைக்கு உதவினார் என்று நிரூபித்தால் விஷயம் வேறு. அலட்சியமாக விட்டதற்கு மட்டும் என்றால் எல்லை இவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பாருங்கள். தாராவியில் ஒரு பையன் இடுப்பில் கட்டாவோடு பிடிபட்டால், அது வெடிக்கவே இல்லையென்றாலும் குறைந்தது 2 ஆண்டு. தன் பெயரில் உள்ள துப்பாக்கியை அடுத்தவர் எடுக்கும்படி விட்டவருக்கு அதிகபட்சம் 6 மாதம். ஆளைக் கொல்ல இரண்டு துப்பாக்கியுமே போதும். சட்டம் இதை ஒரே தராசில் நிறுக்கவில்லை. இந்த இடத்தில் "இருக்கிறதை அமல்படுத்துங்கள்" என்று சொல்வதில் பொருள் இல்லை. முழுமையாக அமல்படுத்தினாலும் கிடைப்பது 2,000 ரூபாய் அபராதமாக இருக்கலாம்.

இரண்டாவது, பாதுகாவலர் பிரச்சினை. தனியார் காவலாளிகள் பலர் சொந்த ஊரில், சொந்தத் தற்காப்புக்காக வாங்கிய லைசென்ஸோடு மும்பைக்கு வேலைக்கு வருகிறார்கள். ஊரில் விசாரித்த போலீஸுக்கு இங்கே அவர் யாரிடம் வேலை பார்க்கிறார் என்று தெரியாது. இங்குள்ள போலீஸுக்கு அவர் கையில் லைசென்ஸ் துப்பாக்கி இருப்பதே தெரியாமல் போகலாம். எந்த முதலாளியிடம் ஆயுதத்தோடு வேலைக்குச் சேர்ந்தாலும், அந்த முதலாளியின் குற்றப் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற விதி இருந்தால் தஹிசர் நடந்திருக்குமா? கேட்க வேண்டிய கேள்வி இது. நொரோனா மீது ஏற்கெனவே குற்ற வழக்கு இருந்தது.

மூன்றாவது, அரசியல்வாதிகள். உல்லாஸ்நகரில் சுட்டவர் பதவியில் இருந்த எம்.எல்.ஏ. அவருக்கு லைசென்ஸ் மறுக்க எந்த அதிகாரிக்குத் துணிவு வரும்? அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல், குற்றப்பத்திரிகை தாக்கலானால் லைசென்ஸ் தானாகவே நின்றுவிடும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்பவர்களின் நியாயம் இதுதான்.

தேர்தல் நேரம் ஒரு நல்ல ஒப்பீடு. தேர்தல் அறிவித்தவுடன் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்புக்குப் பிறகு, எல்லோரிடமும் மொத்தமாக வாங்காமல், குழு அமைத்து யாரால் ஆபத்து என்று ஆராய்ந்து முடிவெடுக்கும் முறை வந்தது. ஆக, 'யார் கையில் இருக்கும் துப்பாக்கி ஆபத்து' என்று கணக்கெடுக்க நிர்வாகத்தால் முடிகிறது. தேர்தலுக்குத் தேர்தல் செய்வதை ஆண்டுதோறும் செய்ய விதியில் இடம் கொடுக்கலாம்.

துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பா?

லைசென்ஸ் கேட்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் தற்காப்பு. 2024 ஜூலை 5 அன்று சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்ததை ஜூன் மாதமே திரும்பப் பெற்றுவிட்டார் என்று சென்னை போலீஸ் சொன்னது. திட்டமிட்டு வரும் கும்பலுக்கு முன்னால் துப்பாக்கி கைகொடுக்கவில்லை. பாந்த்ராவில் பாபா சித்திக்குக்கு போலீஸ் பாதுகாப்பே இருந்தது.

ஒன்றிரண்டு சம்பவத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது, உண்மைதான். ஆனால் "துப்பாக்கி இருந்தால் தப்பிக்கலாம்" என்பதை மட்டும் நம்பி லைசென்ஸ் கொடுத்துக்கொண்டே போவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம். அசாம் அரசு 2025 மே மாதம், பாதுகாப்பு குறைந்த பகுதிகளில் வாழும் பூர்வீக மக்களுக்கு லைசென்ஸ் கொடுக்க முடிவெடுத்தது. அது இதற்கு நேர் எதிர்த்திசை.

மற்ற நாடுகளில்?

அமெரிக்காவில் "புதிய சட்டம் வேண்டாம், இருப்பதை அமல்படுத்துங்கள்" என்பது துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களின் பழைய முழக்கம். ஆனால் அங்கே அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் துப்பாக்கியை உரிமையாக்குகிறது. 2008-லும் 2022-லும் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் வலுவாக்கியது. 100 பேருக்கு 120 துப்பாக்கி என்பது ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பீடு. இந்தியாவில் 5. அங்குள்ள வாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது.

ஆஸ்திரேலியா மறுபக்கம். 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் சட்டத்தைக் கடுமையாக்கி, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது. பெரும்பாலும் சட்டப்படி வாங்கியவை என்பதால் யாரிடம் போய் வாங்குவது என்று தெரிந்திருந்தது. பட்டறையில் செய்து பையில் மறைத்து வரும் கட்டாவை அப்படித் திரும்ப வாங்க முடியாது.

இலங்கை நமக்குக் கொஞ்சம் நெருக்கம். 2025 பிப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். ரிவால்வர் உள்ளே வந்தது, நடுவில் வெட்டி எடுக்கப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துக்குள். சட்டப் புத்தகம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் விடை என்ன?

வகை வாரியாகப் பார்த்தால் குழப்பம் குறையும்.

கள்ளத் துப்பாக்கிக்கு: தண்டனை ஏற்கெனவே கடுமை. தேவை, பட்டறை வரை போகும் விசாரணை, தடயவியல் அறிக்கை சீக்கிரம், நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கு. இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. குறைந்தபட்சத் தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் மாட்டுவது பெரும்பாலும் கடைசிக் கையாக இருக்கும் பையன்தான். விற்றவர் வெளியே இருப்பார்.

லைசென்ஸ்காரரே சுட்டால்: ரத்து செய்யும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் துணிவுதான் இல்லை. பீட் மாதிரி சம்பவம் நடந்த பிறகு இல்லாமல், முன்கூட்டியே ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும். மாவட்ட வாரியாக எத்தனை லைசென்ஸ், எத்தனை ரத்து என்ற எண்ணை வெளியிட்டாலே பாதி வேலை நடக்கும். பீட் விவகாரம் வெடித்ததே ஒரு எண் வெளியே வந்ததால்தான்.

லைசென்ஸ் துப்பாக்கி கை மாறினால்: இங்கேதான் சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. 30-ஆம் பிரிவின் 6 மாதம், 2,000 ரூபாய் என்பது இன்றைய நிலைமைக்குப் போதாது.

உங்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள்

• உங்கள் சொசைட்டியிலோ கடையிலோ ஆயுதக் காவலாளி இருந்தால், லைசென்ஸ் யார் பெயரில், எதுவரை செல்லும், மகாராஷ்டிராவில் செல்லுமா என்று பார்க்கக் கேளுங்கள். நகலை உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்து வையுங்கள்.

• அப்பா அல்லது தாத்தா இறந்த பிறகு அவருடைய துப்பாக்கி வீட்டு பீரோவிலேயே கிடந்தால் அது குற்றமாகிவிடும். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு லைசென்ஸுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

• எல்லா ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். 20 ஜூல் வேகசக்தியையோ 0.177 அங்குல விட்டத்தையோ தாண்டினால் லைசென்ஸ் வேண்டும்.

• ஊர்வலத்திலோ கல்யாணத்திலோ யாராவது வானத்தை நோக்கிச் சுட்டாலும் அது குற்றம். 112-க்குச் சொல்லலாம்.

• எங்காவது துப்பாக்கி கிடந்தால் தொடாதீர்கள். கைரேகை போனால் வழக்கும் போகும்.

ஒவ்வொரு ஆண்டும் மாஹிம் தர்கா உர்ஸில் முதல் சந்தனத்தை மும்பை போலீஸ்தான் சுமந்து வரும். பாண்டு வாத்தியம் முன்னே போக, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவியிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள். விநாயகர் ஊர்வலமும் அதே மாதிரி தெருக்களில்தான். இடித்துக்கொண்டு நிற்கும் இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு தோட்டா வெளியானால் அது யார் பெயர் லைசென்ஸ் என்று பார்த்துப் பாயாது. 2022-இல் பிரபாதேவியில் யாருக்கும் படவில்லை. அது அதிர்ஷ்டம். அடுத்த ஊர்வலத்துக்குள் அந்த அதிர்ஷ்டத்தை நம்பாத ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதுதான் இந்த விவாதம் முழுவதிலும் உண்மையில் இருக்கும் கேள்வி.